ஆமை முட்டையும் ஒரு பதில் கடிதமும்

ஷா ஆலம்

யாழினிக்கண்ணு,

மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனமான ஏபிஎம்எம்மில் உனக்கு வேலை கிடைத்ததை உன் அம்மா செக்சன் 24இல் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். இரவானால் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, சீனக்காரன் கப்பல் ரொம்பப் பெருசாமே, பிள்ளைய சரவாக் பக்கம் போட்டுட்டா?" என்று அழுகிறாள். எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது. லுக்கோனியா திட்டு நம் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்துக்குள் இருந்தும், 2013 முதல் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் அங்கே வந்து நிற்கின்றன. கப்பலுக்குக் கப்பல் நிறுத்த நம்மால் முடியாது.

ஆனால் என்னை அதைவிட அதிகமாகக் கவலைப்படுத்துவது உன் கோழிக் கிறுக்கல்தான். தேதி போடாமல் நோட்டுப் புத்தகத்தை மூடுகிற பிள்ளை நீ. இனி அது ஆகாதடி.

சிப்பாடான், லிகித்தான் தீவுகள் நமக்கு எப்படி வந்தன தெரியுமா? பழைய ஒப்பந்தங்களை வைத்து இந்தோனேசியாவும் வெல்லவில்லை, நாமும் வெல்லவில்லை. வட போர்னியோவை ஆண்ட பிரிட்டிஷார் ஆமை பிடிப்பதற்கும் முட்டை எடுப்பதற்கும் 1917இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். முட்டைத் தகராறுகளைத் தீர்த்துவைத்துப் பதிவும் செய்திருந்தார்கள். 1962இலும் 1963இலும் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். ஹேக் அனைத்துலக நீதிமன்றம் 2002 டிசம்பர் 17 அன்று 16க்கு 1 என நமக்குத் தீர்ப்பளித்தது இவற்றை வைத்துத்தான். முட்டைக் கணக்கு எழுதிய அந்தக் குமாஸ்தாவை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

பத்து பூத்தே கதை நேர்மாறு. அந்தப் பாறை யாருடையது என்று 1953இல் சிங்கப்பூர் கேட்டது. ஜொகூரின் தற்காலிகச் செயலாளர் செப்டம்பர் 21 அன்று, ஜொகூர் அதற்கு உரிமை கோரவில்லை என்று பதில் போட்டுவிட்டார். 2008 மே 23 அன்று 12க்கு 4 என அது சிங்கப்பூருக்குப் போனபோது நீதிபதிகள் பெரிதாக எடுத்துக்கொண்டவற்றில் அந்தக் கடிதமும் ஒன்று. அதனால், மேலிடத்தைக் கேட்காமல் எதற்கும் எழுத்தில் பதில் கொடுக்காதே.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2004 முதல், சிங்கப்பூரோடும் இந்தோனேசியாவோடும் சேர்ந்து மலாக்கா நீரிணையில் காவல் சுற்றினோம். கோர்ட்டில் எதிரி, கடலில் கூட்டாளி. அண்டை வீட்டாரோடு இப்படி வாழத் தெரிந்ததுதான் இந்த வட்டாரத்தின் பெருமை என்பேன். நீயும் ரேடியோவில் எவரிடமும் குரல் உயர்த்தாதே; உன் முன்கோபம் எனக்குத் தெரியும்.

கூட்டாளிகளையே நம்பி உட்கார்ந்துவிடவும் முடியாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரோடு 1971இல் செய்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடுகூட, ஆபத்து வந்தால் கலந்து பேசுவதற்குத்தான் அவர்களைக் கடமைப்படுத்துகிறது. சண்டைக்கு வந்தாக வேண்டும் என்று அதில் இல்லை. நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா கண்டனக் கடிதம் அனுப்பினாலும், அதற்கு உயிர் கொடுப்பது கப்பலில் இருந்தவர் எழுதிய நேரமும் இடமும் படமும்தான்.

ஆகவே, கண்ணு, எவ்வளவு களைத்திருந்தாலும் பார்த்ததை அன்றன்றே லாக் புத்தகத்தில் எழுதிவிடு. தேதி போடு, மணி போடு, திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போடு. வாரம் ஒருமுறை அம்மாவுக்குப் போன் செய்.

உன் மாமா