மனநோயாளர் விடுதியில் தொற்றுநோய்

கம்பம் பள்ளத்தாக்கில் காய்ச்சல் கண்டவன் திண்ணையிற் படுத்து, “தலை நோகிறது, கஷாயம் போட்டுத் தா” என்பான். மனநோயாளர் பலர் அங்ஙனம் சொல்லார். சொல்லினும் இஃதும் பிதற்றலே எனக் கேட்போர் தள்ளிவிடுவர். தொற்றுக்கு இதனினும் வசதியான இடம் ஏது?

2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் சொங்தோவில் ஒரு மருத்துவமனையின் அடைத்த மனநோய்ப் பிரிவில் நூற்றுவர்க்கு மேற்பட்டோர், ஏறக்குறைய அனைவருமே, கொரோனாவுக்கு ஆளாயினர். அந்நாட்டில் அந்நோயால் முதலில் மாண்டவரும் அவருள் ஒருவரே. 1871 முதல் நடைபெறும் நம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் அவ்வாண்டே தொற்று நுழைந்தது.

பொது விடுதியின் விதிகள் இங்கே அப்படியே செல்லா. கை துடைக்கும் சாராயக் கரைசலைச் சுவரில் மாட்டினால் அதனைக் குடித்துவிடுவாரும் உளர். ஆதலின் தாதியர் அதனைத் தம் பையிலேயே வைத்துக்கொள்வது நன்று. குளோசபின் என்னும் மருந்து உண்பவர்க்குக் காய்ச்சல் வரின் உடனே இரத்தத்தின் வெள்ளணுக்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மருந்தே அவற்றைக் குறைத்துவிடக் கூடும்.

எல்லாவற்றினும் அரியது தனிப்படுத்தல். தனியறை தண்டனையன்று, ஆயினும் உள்ளிருப்பவர்க்கு அது தண்டனையாகவே தோன்றும். 2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடியில் தீப்பற்றியபோது சங்கிலியிற் கிடந்த மனநோயாளர் தப்ப வழியின்றி வெந்தனர்; இறந்தோர் 28 பேர். சங்கிலியை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விலக்கிற்று. கதவோ இன்னும் உண்டு. ஆதலின் காரணத்தை ஒருமுறையன்று, நாள்தோறும் சொல்லுதல் வேண்டும். கம்பத்திலிருந்து கானாவிலக்கு மருத்துவமனைக்குப் பேருந்தேறி வரும் தாய், சாளரத்தின் வழியாகவேனும் மகன் முகத்தைக் கண்டு திரும்பட்டும்.