டீஸ்பூன் என்பது எந்த ஸ்பூன்?

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தைச் சமையலறை ஸ்பூனில் கொடுக்கிறேன். "நாங்கள் இப்படித்தான் வளர்த்தோம்" என்கிறார் மாமியார். சரியா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியில்லை. மருத்துவர் டீஸ்பூன் என்றால் 5 மி.லி. என்று பொருள், வீட்டு ஸ்பூன்களோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் மருந்தின் அடர்த்தி. நம் ஊர்க் கடைகளில் பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி., 250 மி.கி. என இரு வலுவிலும், சொட்டு மருந்து பெரும்பாலும் 1 மி.லி.க்கே 100 மி.கி. என்றும் கிடைக்கிறது. எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது வழக்கமான ஒருவேளை அளவு. எட்டு கிலோக் குழந்தைக்கு 120 மி.கி. உச்சம், 120 சிரப்பில் அது 5 மி.லி. அதே 5 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து ஊற்றினால் 500 மி.கி.! இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 2011இல் குழந்தைகளுக்கான பாராசிட்டமாலை ஒரே அடர்த்திக்கு மாற்றத் தொடங்கினார்கள்.

மாமியார் சொல்வதிலும் உண்மை உண்டு: ஒருவேளை சற்றுக் கூடினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கூடுதல் அளவு வேளைதோறும், நாள்கணக்கில் தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படும். ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்சே கைக்குழந்தைக்கு நல்லது. பாட்டிலைக் குலுக்கி, அளந்து, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டைக்கு நேரே பீய்ச்சினால் புரையேறும். பால் புட்டியில் கலக்காதீர்கள், மீதம் வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது. அடுத்த முறை மருத்துவரிடம் அளவை மி.லி.யில், மருந்தின் வலுவோடு சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.