நம் கூட்டத்தை நாமே நேரலையில் காட்டலாம்



பிரசவத்துக்குத் தாய் வீடு போனவர், வெளியூரில் வேலை பார்ப்பவர், முழங்கால் வலியால் பஸ் ஏற முடியாத அம்மா... இவர்களும் நம் பொதுக்குழுவைப் பார்க்கட்டுமே என்று சென்ற ஆண்டு செல்போனில் நேரலை போட்டோம். எல்லாம் நல்லாத்தான் போச்சு, தவணை பாக்கிப் பட்டியலை வாசிக்கும் வரை! "ஐயோ, லைவ் ஓடுதுக்கா" என்று ஒருவர் சொன்னதும் ஓடிப்போய் கேமராவைக் கையால் மூடினோம். மைக் திறந்தே இருந்தது. மூன்று பேர் பெயர் வெளியே போய்விட்டது. பார்த்தவர் யாரோ பதிவு செய்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார். அதில் ஒரு சகோதரி இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

தப்பு போனில் இல்லை, எங்களிடம்தான். அதனால்தான் இந்தப் பாடம்.

நேரலை எப்படிப் போகிறது?

பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஊற்றும் பால் அங்கிருந்து பண்ணைக்குப் போய், ஒரு லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர் பாக்கெட்டாக வெளியே வருகிறது. அதுபோல, நம் போன் படத்தையும் குரலையும் சுருக்கி நெட் வழியாக யூடியூப் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, தெளிவு கூடியது, நடுத்தரம், குறைந்தது என்று பல அளவில் வைக்கிறது. பார்ப்பவரின் சிக்னலுக்கு ஏற்ற அளவை அவர் போன் எடுத்துக்கொள்ளும். இதனால் படம் அவருக்குச் சில நொடிகள் பிந்தித்தான் போகும். பிந்தித்தானே போகுது, நிறுத்திடலாம் என்று நினைக்க வேண்டாம். ஊற்றிய பாலைத் திரும்ப வாங்க முடியாது.

நெட் எவ்வளவு வேண்டும்?

வீடியோ பார்க்க டவுன்லோடு வேகம் போதும். நேரலை அனுப்ப அப்லோடு வேகம் வேண்டும். 720 அளவுத் தெளிவுக்கு நொடிக்கு சுமார் 4 மெகாபிட் போகும். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜி.பி. ஆகும். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. பேக் வைத்திருப்பவருக்கு 50 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கூட்டம் நடக்கும் இடத்திலேயே, அதே நேரத்தில், முதல் நாள் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. யூடியூப் சேனல் தொடங்கி, போன் நம்பரைச் சரிபார்த்து, லைவ் வசதியைக் கேளுங்கள். கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். செல்போனிலிருந்து போட 50 சந்தாதாரர்கள் வேண்டும். நாலைந்து குழுக்கள் சேர்ந்தால் போதும்.

2. யார் பார்க்கலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 'பப்ளிக்' என்றால் ஊர் உலகமே பார்க்கும். 'அன்லிஸ்டட்' என்றால் லிங்க் கிடைத்தவர் மட்டும் பார்ப்பார். ஆனால் அந்த லிங்க்கை அவர் பிறருக்கும் அனுப்ப முடியும்.

3. போனைப் படுக்கை வசமாக ஸ்டாண்டில் வையுங்கள். வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழட்டும். பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கருத்துவிடும். பேசுபவருக்குப் பக்கத்தில் மைக் இருக்கட்டும்.

4. சார்ஜரை மாட்டுங்கள். நடுவில் அழைப்பு வராதபடி 'தொந்தரவு செய்யாதே' போட்டுவிடுங்கள்.

5. நேரலை ஓடும்போது ஒரு சகோதரி வேறு போனில் பார்த்து, குரல் கேட்கிறதா என்று சொல்லட்டும்.

6. முடிந்ததும் 'நிறுத்து' பட்டனை அழுத்தி, நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே கலையுங்கள். பதிவு சேனலில் தங்கும். யார் பார்க்கலாம் என்பதை மறுபடி பாருங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலை இரண்டாகப் பிரித்துவிட்டோம். வரவேற்பு, ஆண்டறிக்கை, பொருள் கண்காட்சி எல்லாம் நேரலையில் போகும். அதன்பின் நேரலையை நிறுத்தி, போனை அணைத்து மேசை மேல் வைத்துவிட்டுத்தான் கடன் பேச்சை எடுப்போம். படத்தில் வர விரும்பாதவர்களுக்குப் பின்வரிசையில் இடம் உண்டு.

குழுவில் கலந்து பேசுங்கள்

- நம் கூட்டத்தில் எதை எல்லோருக்கும் காட்டலாம், எது நமக்குள் இருக்க வேண்டும்?
- நேரலையை நிறுத்தும் பொறுப்பு யாருக்கு?

பேசி எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.