பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி முட்டை 12 ரூபாய்: வாங்கலாமா? ஒரு சி.ஏ. போட்ட முட்டைக் கணக்கு



போன வாரம் வீடியோவில் வீட்டு பட்ஜெட் பற்றிப் பேசும்போது, "எங்க வீட்டுல முட்டையை மட்டும் பக்கத்து வீட்டு அக்காகிட்ட 12 ரூபாய்க்கு வாங்குறோம்"னு போகிற போக்கில் சொல்லிவிட்டேன். "கடையில ஆறரை ரூபாய்க்குக் கிடைக்கிறதை டபுள் ரேட்டுக்கு வாங்குற நீங்க எங்களுக்குச் சிக்கனம் சொல்றீங்களா?"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. நியாயமான கேள்விதான். அதனால இந்த வாரப் பாடமே முட்டைதான்.

எங்க வீடு சாணார்பட்டி. திண்டுக்கல்–நத்தம் ரோட்டில், ஒரு பக்கம் சிறுமலை, சுற்றி மாந்தோப்பு. ஆபீஸ் திண்டுக்கல் டவுனில். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆறு பெட்டைக்கோழி, ஒரு சேவல். காலையில் திறந்துவிட்டால் தோப்பில் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது தானாக வந்து பஞ்சாரத்துக்குள் அடையும். அக்கா கொண்டுவரும் முட்டையில் சில நாள் சூடுகூட ஆறியிருக்காது. சின்ன வெங்காயம், மிளகு போட்டு அம்மா ஆம்லெட் ஊற்றினால் மஞ்சள் கரு அப்படியே கெட்டியாக நிற்கும். ருசிக்கு நான் சாட்சி. ஆனால் ருசியை வைத்து மட்டும் ஒரு சி.ஏ. முடிவு எடுக்கக்கூடாது இல்லையா? கணக்கைப் பார்ப்போம்.

பாடம் 1: வாங்குறவங்க கணக்கு

எங்க வீட்டுக்கு வாரம் 10 முட்டை. அக்காவிடம் 120 ரூபாய், கடையில் 65 ரூபாய். வாரத்துக்கு 55 ரூபாய் அதிகம். வருஷத்துக்கு 52 வாரம் என்றால் 2,860 ரூபாய்.

அந்தப் பணத்துக்குச் சத்து கூடுதலாகக் கிடைக்குதா? இங்கதான் பலரும் ஏமாறுவது. பண்ணை முட்டை ஓட்டோடு 52 கிராம் அளவில் இருக்கும். நம்ம நாட்டுக்கோழி முட்டை 40 கிராம்தான். ஓட்டைக் கழித்தால், சாப்பிடும் பகுதியில் ஏறக்குறைய 13 சதவீதம் புரதம். இது இரண்டிலும் பெரிதாக மாறாது. அப்படிப் பார்த்தால்:

பண்ணை முட்டை: சுமார் 6 கிராம் புரதம், விலை 6.50 ரூபாய். ஒரு கிராம் புரதம் 1 ரூபாய் 10 காசு.

நாட்டு முட்டை: சுமார் 4.5 கிராம் புரதம், விலை 12 ரூபாய். ஒரு கிராம் புரதம் 2 ரூபாய் 65 காசு.

வளர்ற பிள்ளைகளுக்குக் கம்மிச் செலவில் புரதம் வேணும்னா, பண்ணை முட்டையைத் தாராளமா வாங்குங்க. அதில் எந்தக் குறையும் இல்லை. நம்ம பள்ளிக்கூடச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் போடுவதும் பண்ணை முட்டைதான். மஞ்சள் கரு நல்ல நிறமாக இருப்பது கோழி தின்ற கீரை, புல், பூச்சி, தீவனத்தைப் பொறுத்தது. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. நிறத்தை வைத்துச் சத்தை முடிவு பண்ணாதீங்க.

அப்போ அந்த 2,860 ரூபாய்க்கு நான் எதை வாங்குகிறேன்? இன்றைக்கு இட்ட முட்டை, நல்ல ருசி, எந்தக் கோழி என்ன தின்றது என்று கண்ணால் பார்த்த நிம்மதி, அப்புறம் நம்ம தெருவிலேயே சுற்றும் காசு. என் பட்ஜெட்டில் இது "மருத்துவம்" இல்லை, "சாப்பாட்டு ஆசை" என்கிற தலைப்பில்தான் வருது. எங்களால் முடியுது, செய்கிறோம். முடியாதவங்க செய்ய வேண்டியதில்லை.

பாடம் 2: விக்கிறவங்க கணக்கு

ஆரம்பத்தில் நானும் பேரம் பேசினவன்தான். "அக்கா, மேயுற கோழிக்கு என்ன செலவு? பத்து ரூபா போட்டுக்கங்க"ன்னேன். அக்கா சிரிச்சுக்கிட்டே, "ஏன் தம்பி, கடையில ஆறு ரூவாய்க்குக் கிடைக்குதுல்ல, அங்கேயே வாங்கிக்க வேண்டியதுதானே. நான் அடை வச்சுக்கிறேன்"னாங்க.

அந்த ஒரு வார்த்தையில் மொத்தப் பாடமும் இருக்கு. நாங்கள் இதை "வாய்ப்புச் செலவு" என்று படித்தோம். ஒன்றைச் செய்வதால் கைவிட்டுப் போகும் இன்னொன்றின் மதிப்பு. பண்ணை முட்டைக்கு நாமக்கல் விலை இருக்கு. 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற விலை அது. தீவனம் ஏறினால், தேவை குறைந்தால் மாறும். ஆனால் அக்காவின் முட்டைக்குப் போட்டி நாமக்கல் முட்டை இல்லை. அந்த முட்டைக்குள் வரப்போகிற கோழிதான் போட்டி.

அக்கா சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். உங்க ஊரில் எண்கள் மாறலாம், முறை மாறாது.

நாட்டுப் பெட்டை ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இடும். 12 முட்டையை அடை வைத்தால் 21 நாளில் ஒரு 9 பொரிக்கும், மிச்சம் கூமுட்டை. பருந்து, கீரி, நாய், பூனை போக 4 தேறும். ஆறு மாதம் கழித்து ஒன்று 400 ரூபாய் என்று விற்றால் 1,600 ரூபாய். அவசரம் என்றால் வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குக் கொண்டுபோனாலும் விலை போகும்.

இதில் கழிக்க வேண்டியது: குருணை, கம்பு என்று நாலு கோழிக்கும் சேர்த்து 600 ரூபாய். தாய்க்கோழி அடையில் உட்கார்ந்து, குஞ்சுகளோடு திரியும் நாட்களில் முட்டை இடாது. அதில் போகும் 20 முட்டைக்கு 240 ரூபாய். மொத்தம் 840. மிச்சம் 760 ரூபாய்.

அதே 12 முட்டையை இன்றைக்கே எனக்கு விற்றால் 144 ரூபாய்.

760 எங்கே, 144 எங்கே! "அப்போ எதுக்குக்கா விக்கிறீங்க? எல்லாத்தையும் அடை வைக்கலாமே"ன்னு கேட்டேன். பதில் அடுத்த பாடம்.

பாடம் 3: ரிஸ்க்கைப் போட்டால் கணக்கு மாறும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோடையில், அக்கா வீட்டுக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. நாலே நாள். குஞ்சும் வெடக்கோழியுமாகப் பதினேழு போச்சு. ஒரு பெட்டை மட்டும் மிஞ்சியது. அந்த வாரம் அக்கா முற்றத்தைக்கூடக் கூட்டவில்லை. ஆறு மாத உழைப்பும், மகளுக்குத் தீபாவளிக்குத் துணி எடுக்க வைத்திருந்த நினைப்பும் சேர்ந்து போனது.

இந்த மாதிரி மூணுக்கு ஒரு தடவை மொத்தமும் போகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போ 1,600 ரூபாய் என்பது சராசரியாக 1,067 ரூபாய் ஆகிவிடும். செலவு 840 போனால் மிச்சம் 227. கையில் இன்றைக்கே வரும் 144-க்கும், ஆறு மாதம் காத்திருந்து, காவல் காத்து வரும் 227-க்கும் இடையில் வெறும் 83 ரூபாய்தான் வித்தியாசம்!

இப்போ புரியுதா, அக்கா ஏன் பாதி முட்டையை விற்று, பாதியை அடை வைக்கிறார் என்று? முட்டைக் காசு கைச்செலவுக்கு. குஞ்சு நாளைய வளர்ச்சிக்கு. நாம் எஃப்.டி.யில் கொஞ்சம், மியூச்சுவல் ஃபண்டில் கொஞ்சம் போடுகிறோமே, அதே வேலைதான். கோடையில் பொரிப்பு குறையும் என்பதால் அந்த மாதங்களில் அதிகம் விற்பார். இதெல்லாம் அவங்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்னதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். தடுப்பூசி போட்டு, மொத்தமும் போகும் வாய்ப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்தால்? 1,440 கழித்தல் 840, ஆக 600 ரூபாய். 227 எங்கே, 600 எங்கே. நம்ம தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை வருஷா வருஷம் பிப்ரவரி வாக்கில் ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துது, இலவசமாக. அந்த வருஷம் முகாம் நடந்த அன்றைக்கு அக்கா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாங்க. ஒரு பிரீமியமும் கட்டாமல் கிடைக்கும் இன்சூரன்ஸ் அது. கோழி வளர்க்கும் யார் இதைப் படித்தாலும், உங்க ஊர்க் கால்நடை மருந்தகத்தில் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்க. இப்போ முகாம் தேதியை அக்காவுக்குச் சொல்வது என் வேலை.

பாடம் 4: காசு யார் கைக்குப் போகுது?

இது நான் செய்த தப்பு. மறைக்க விரும்பவில்லை.

வாரா வாரம் சில்லறை தேடுவது சிரமமாக இருக்கே என்று, ஒரு மாதம் 480 ரூபாயை மொத்தமாகப் போனிலேயே அனுப்பிவிட்டேன். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் அக்கா வீட்டுக்காரர் நம்பருக்கு அனுப்பினேன். வேலை சுலபமா முடிஞ்சதுன்னு எனக்குச் சந்தோஷம்.

அடுத்த வாரம் முட்டை கேட்டால், "கோழி இப்ப இடலை தம்பி"ன்னாங்க. அதுக்கு அடுத்த வாரமும் அதே பதில். ஆனால் கோழி கொக்கரிக்கும் சத்தம் எங்க வீட்டுக்குத் தினமும் கேட்குது! அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "காசை யார்கிட்டடா குடுத்த?"

சொன்னேன். "கூறு கெட்டவனே, அது அவ சிறுவாட்டுக் காசுடா" என்றார் அம்மா.

சிறுவாடு. நம்ம பக்கத்தில் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் அம்மாக்கள் சேர்க்கிற காசு. ஆடு மாடு விற்ற பணம், வெள்ளாமைப் பணம் எல்லாம் வீட்டுக் கணக்கில் போய்விடும். கோழியும் முட்டையும் மட்டும்தான் பெண்கள் கையில் நேராக வரும் வருமானம். அமெரிக்கப் பண்ணை வீடுகளிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். அங்கேயும் "முட்டைக் காசு" என்றால் வீட்டம்மாவின் சொந்தக் காசு என்றே அர்த்தம்.

நான் அனுப்பிய 480 ரூபாய் வீட்டுச் செலவோடு கலந்துபோச்சு. தொகை சரி, தேதியும் சரி. என் கணக்குப்படி கடன் தீர்ந்தது. அக்கா கணக்குப்படி ஒரு பைசாகூட வரவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் அவங்களால் முடியவில்லை. பத்து வருஷமாகக் கணக்குப் பார்க்கிற எனக்கு, "யாருக்குச் சேர வேண்டியது" என்கிற முதல் கேள்வி தோணவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே 480 ரூபாயை நோட்டாக எடுத்துக்கொண்டு போய், "அக்கா, தப்பாக் குடுத்துட்டேன். இது உங்களுக்கு"ன்னு கொடுத்தேன். "எதுக்குத் தம்பி ரெண்டு தடவை"ன்னு முதலில் வாங்கவே இல்லை. அம்மா வந்து சொன்ன பிறகுதான் வாங்கினாங்க. மறுநாள் காலையில் எட்டு முட்டை வந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் தபால் ஆபீஸ் ஆர்.டி. பற்றிச் சொன்னேன். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருஷம். மாதம் 300 ரூபாய் போட்டால் கட்டுவது 18,000. வட்டி 6.7 சதவீதம் என்றால் முடிவில் சுமார் 21,400 ரூபாய் வரும். கோழிச் சீக்கு இதைத் தொடாது. அக்கா வட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "புஸ்தகம் என் பேர்ல இருக்குமா தம்பி?"

இருக்கும்க்கா. உங்க பேர்ல மட்டும்தான்.

கடைசியா, நீங்க கேட்கிற மூணு விஷயம்

வரி உண்டா? ஓட்டோடு உள்ள முட்டைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் "கோழி வளர்ப்பும் விவசாயம்தானே, வருமான வரி இல்லை"ன்னு நினைக்கிறது தப்பு. கோழி வருமானம் விவசாய வருமானத்தில் சேராது, தொழில் வருமானம்தான். ஆறு கோழிக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. பண்ணையாகச் செய்பவர்கள் முதல் நாளிலிருந்தே வரவு செலவு எழுதுங்க.

பண்ணை போடலாமா? "குஞ்சு நாங்க தர்றோம், முட்டையை நாங்களே வாங்கிக்கிறோம், மாசம் இவ்வளவு நிச்சயம்"னு யாராவது டெபாசிட் கேட்டால், 2012-ல் ஈரோடு, பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்க. மேலே பார்த்த மாதிரி கோழியில் நிச்சயம் என்பதே கிடையாது.

பார்த்து வாங்குவது எப்படி? பழுப்பு ஓடு என்பதற்காக நாட்டு முட்டை என்று நம்பாதீங்க, பண்ணையிலும் பழுப்பு முட்டை இடும் இனங்கள் இருக்கு. தண்ணீரில் போட்டால் புது முட்டை படுத்துக் கிடக்கும், பழசு மிதக்கும். வாங்கியதும் கழுவி வைக்காதீங்க, ஓட்டின் மேல் இருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடும். சமைக்கும்போது கழுவினால் போதும். சேவலோடு திரியும் கோழியின் முட்டை வெயிலில் கிடந்தால் உள்ளே கரு வளர ஆரம்பிக்கும், அதனால் அன்றன்றைக்கு எடுக்கணும். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குப் பச்சை முட்டை கொடுக்கும் வழக்கம் நம்ம ஊரில் இருக்கு. கிருமி பயம் உண்டு, வேகவைத்தே கொடுங்க.

சுருக்கமா:

1. புரதம்தான் குறி என்றால் பண்ணை முட்டை போதும்.
2. நாட்டு முட்டையில் பேரம் பேசும் முன், அது கோழியாகியிருந்தால் என்ன விலை என்று யோசிங்க.
3. இலவசத் தடுப்பூசியைத் தவறவிடாதீங்க.
4. காசை உழைத்தவர் கையில் கொடுங்க, அன்றைக்கே, நோட்டாக.

உங்க வீட்டுச் சிறுவாட்டில் இருப்பது யாருடைய காசு, அது எங்கே பாதுகாப்பாக இருக்கு என்று இன்றைக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. எவ்வளவு இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க, சொல்ல மாட்டாங்க! அடுத்த வாரம் வீடியோவில் பார்ப்போம்.