ஃபேன் ஓடுது, டிஸ்பிளே மட்டும் இல்லை!

நாம் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெருவில் தெரிந்தால் போதும், பக்கத்து ஆபீஸ்களிலிருந்து ஆள் வந்துவிடும். "தம்பி, சிஸ்டம் ஆன் ஆகுது, ஃபேன் ஓடுது, ஆனா டிஸ்பிளே வரலை. கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்!" போய்ப் பார்த்தால் பதினைந்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய கோர் 2 டுவோ மிஷினாக இருக்கும். ஆபீஸின் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கும். அங்கே நின்றுகொண்டு "போர்டு போச்சு சார்" என்றோ, "ஃபார்மட் பண்ணிப் பாக்கலாம்" என்றோ எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஃபார்மட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நல்ல சிஸ்டம் ஒன்றில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்து பாருங்கள். திரை வரும், பூட் டிவைஸ் இல்லை என்று ஒரு வரி காட்டி நிற்கும். அதாவது முதல் எழுத்து திரையில் விழுவதற்கு விண்டோஸும் வேண்டாம், டிஸ்க்கும் வேண்டாம். ஷார்ட் ஆன டிஸ்க் ஒன்று சப்ளையையே கீழே இழுத்துவிடுவது உண்டு. அதற்கு மருந்து அதன் கேபிளைக் கழற்றுவது. அழிப்பது அல்ல!

சுவிட்சை அழுத்தியதும் என்ன நடக்கிறது? எஸ்.எம்.பி.எஸ். தன் வோல்டேஜ்களை நிலைப்படுத்திக்கொண்டு, சாம்பல் நிற வயர் வழியாக 'பவர் குட்' என்ற சிக்னலை போர்டுக்குக் கொடுக்கிறது. அதன் பிறகுதான் பிராசஸரின் ரீசெட் விடுபடும். அது தன் முதல் கட்டளையை பயாஸ் சிப்பிலிருந்து எடுக்கும். பயாஸ் ராமைத் தேடும், அப்புறம் வீடியோவைத் தேடும். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் திரை. 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். திரை வருவதற்கு முன்பே பழுதைச் சொல்லியாக வேண்டுமே என்றுதான் ஸ்பீக்கரில் பீப் வைத்தார்கள். இந்த வரிசையில் எந்த இடத்தில் வண்டி நின்றது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

ஒருவேளை வண்டி நிற்கவே இல்லையோ என்றும் பார்க்க வேண்டும். கீபோர்டில் நம் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் சிஸ்டம் உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு மானிட்டர் பக்கம் போகலாம். விஜிஏ கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்தால் 'நோ சிக்னல்' என்று அதுவே எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் பேனல் பிழைத்தது. கேபிளையும், அதன் பின்கள் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். தனியாக டிஸ்பிளே கார்டு போட்ட மிஷினில் யாரோ பெருக்கித் துடைத்துவிட்டு கேபிளை போர்டில் இருக்கும் விஜிஏவில் செருகியிருப்பார்கள். பல போர்டுகளில் கார்டு இருந்தால் அந்த வழி மூடிவிடும். பழைய எல்.சி.டி. மானிட்டர் சுத்தமாகக் கறுப்பாக இருந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பேக்லைட் மட்டும். டப்பா மாதிரியான பழைய சி.ஆர்.டி. மானிட்டராக இருந்தால் பின்பக்க மூடியைத் தொடவே வேண்டாம். பிக்சர் டியூபின் ஆனோடில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஆஃப் செய்த பிறகும் தங்கியிருக்கும்.

நம் லாக் அசையவில்லையா? இப்போது பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சை ஒரு முறை அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றிவிட்டு, கேபினட்டைத் திறக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் ஏ.சி. உள்ளே சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாறி கெப்பாசிட்டரில் உட்கார்ந்திருக்கும்.

"ஃபேன்தான் ஓடுதே, சப்ளை நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். ஃபேன் ஓடுவதற்கு 12 வோல்ட் கம்பி ஒன்று ஏதோ கொஞ்சம் கொடுத்தால் போதும், 9 வோல்ட்டிலும் சுற்றும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். 11.4-க்குக் கீழே இறங்கிய மஞ்சளை நம்பாதீர்கள். ஊதா வயரில் மெயின்ஸ் இருக்கும்வரை 5 வோல்ட் எப்போதும் நிற்க வேண்டும். போர்டிலிருந்து கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பச்சையையும் ஏதாவதொரு கறுப்பையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தால் எஸ்.எம்.பி.எஸ். தனியாக ஓட வேண்டும். இன்னொன்று, பிராசஸருக்கு அருகில் 4 பின் கொண்ட சின்ன 12 வோல்ட் கனெக்டர் ஒன்று இருக்கிறது. அது கழன்றிருந்தால் எல்லா ஃபேனும் ஓடும், திரை வராது. பார்க்கிறவன் தலையைப் பிய்த்துக்கொள்வான்!

இனி ராம். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் பழைய ஆபீஸ் மிஷின்களில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கும். மூடாத ஜன்னல், தூசி, மழைக்கால ஈரம் எல்லாம் சேர்ந்து தங்க முலாம் பூசிய அந்தக் காண்டாக்ட்களில் ஒரு படலத்தை உண்டாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காண்டாக்ட் விட்டுப்போகும். ராமைக் கழற்றி, போர்டிலிருந்து தள்ளி வைத்து, பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழக்கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஏனென்றால் ரப்பர் முலாமையும் கொஞ்சம் தின்கிறது. ஸ்லாட்டை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஒரே ஒரு ராமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கையை வைப்பதற்கு முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், ஸ்டாட்டிக் இறங்கிவிடும்.

அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள்! போர்டில் சின்ன பஸ்ஸர் இருந்தால் (பல கேபினட்டில் இருக்காது, ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்) பீப் பீப் என்று கத்த வேண்டும். கத்தினால் பிராசஸர் ஓடுகிறது, பயாஸ் படிக்கப்படுகிறது, போர்டின் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பீப்கூட இல்லையென்றால் சப்ளை, பிராசஸர், போர்டு மூன்றில் ஒன்று. ராமைத் திரும்பப் போட்ட பிறகு அவார்ட் பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் கேட்டால் வீடியோ. ஏ.எம்.ஐ. பயாஸில் எட்டு குட்டை பீப் அதே வீடியோ.

மகளிர் குழுக்களின் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஒரு சின்ன ஆபீஸில், இரண்டு கடைக்காரர்கள் "போர்டு அவுட்" என்று சொல்லிவிட்டுப் போன மிஷின் ஒன்றைப் பார்த்தேன். ராமைக் கழற்றி ஆன் செய்ததும் அது கத்திய கத்தலில் கணக்கு எழுதும் அக்கா பயந்துவிட்டார். "இல்லக்கா, அது உயிரோடதான் இருக்கு, அதான் கத்துது" என்றேன். துடைத்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டதும் திரை வந்தது. ஆனால் தேதி 2009 ஜனவரி 1! சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.1 காட்டியது. இதைக் கவனிக்காமல் கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்திருந்தால் அன்றைய வசூல் முழுவதும் 2009-இல் பதிவாகியிருக்கும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்த பிறகே அக்காவை உட்காரச் சொன்னேன். சில போர்டுகள் பேட்டரி தீர்ந்தால் டிஸ்பிளேயே தராது. புது பேட்டரி போட்டு, கிளியர் சிமாஸ் ஜம்பரையும் ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் போர்டைக் கண்ணால் படியுங்கள். பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதுதான் ஆள். 2000-களின் தொடக்கத்தில் தயாரான போர்டுகளில் இது பெரிய வியாதி. ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 மாடலுக்காக டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. சால்டரிங் நமக்கு லேபிலேயே சொல்லிக்கொடுத்ததுதானே! அதே மைக்ரோ ஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர். வகை, போலாரிட்டி மாறக்கூடாது.

கடைசியாக, போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, சப்ளை, பிராசஸர், அதன் ஃபேன், ஒரு ராம் இவ்வளவோடு மட்டும் ஓட்டுங்கள். அடியில் விழுந்து கிடந்த ஒரு ஸ்க்ரூவோ, காய்ந்த பல்லியோ போர்டை ஷார்ட் செய்திருந்தால் இப்போது உயிர் வரும். அப்போதும் வராவிட்டால், போர்டு அல்லது பிராசஸர் போய்விட்டது என்று சொல்லலாம். ஆனால் புதிய மிஷின் விலையைப் பேசுவதற்கு முன்னால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா - யுஎஸ்பி கேபிள் வழியாக வேறொரு சிஸ்டத்தில் இணைத்து, கணக்கு ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து, அதைத் திறந்தும் காட்டி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.