கால் ஓய்ந்தாலும் இதயம் ஓயக்கூடாது



தென்னை, பனை ஏறித் தவறி விழுந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, கால் செயலிழந்தவர்களை நம் ஊர்களில் பார்க்கிறோம். ஒரு வீட்டில் கணவர், ஒரு வீட்டில் மகன். நம் குழுப் பெண்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. "பாவம், படுத்தே இருக்கட்டும்"னு தண்ணீர்ச் சொம்பைக்கூட நாமே எடுத்துக் கொடுக்கிறோம். பாசம்தான். ஆனால் அவர் இதயத்துக்கு அது நல்லதல்ல.

ஏன்?

சாப்பாட்டில் கிடைக்கும் சர்க்கரையைப் பெருமளவு செலவழிப்பது தசைகள்தான். தொடை, இடுப்பில் உள்ள பெரிய தசைகள் வேலையில்லாமல் மெலிந்தால் வயிற்றில் கொழுப்பு சேரும். சர்க்கரை நோய், மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடும். அதனால் கால் செய்த வேலையைக் கை செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

பல நாட்டு வல்லுநர்கள் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது இதுதான்:

* இதயத்துக்கு: வாரம் 3 நாள், 30 நிமிடம். சக்கர நாற்காலியை அவரே தள்ளட்டும். பேச முடியணும், பாட்டுப் பாட முடியாத அளவு மூச்சு வாங்கணும்.
* தசை பலத்துக்கு: வாரம் 2 நாள். ஒவ்வொரு பயிற்சியும் 3 சுற்று. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ எடை. அதைச் சுற்றுக்குப் பத்து தடவை தூக்கலாம். பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, நெஞ்சை நோக்கி இழுக்கலாம். நாற்காலி தள்ளித் தள்ளி வரும் தோள்வலிக்கு இது நல்லது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல் நாளே முழுதும் வேண்டாம்.

கவனம்!

டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீர் கழித்த பின் நிழலில் செய்யட்டும். முடிந்ததும் இடுப்பு, குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டு அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்தால், ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருந்தால் நேராக்குங்கள். தலைவலி குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நம் வீட்டு மனிதருக்கும் கைகள் இருக்கின்றனவே!

அடுத்த கூட்டத்தில், இப்படி யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் இயன்முறை மருத்துவரைப் பார்க்க வழி செய்வோம். இன்றைக்கே தண்ணீர்ச் சொம்பை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைப்போம். அவரே எடுத்துக் குடிக்கட்டும்.