நம்ம ஊர் நடுநிலைப் பள்ளி: ஒரு பிள்ளை குறைந்தால் என்ன ஆகும்?



ஜூன் மாதம் வந்தால் குழுவில் கடன் கேட்க நாம் சொல்லும் காரணம் பெரும்பாலும் பிள்ளைங்க ஃபீஸ்தான். "நம்ம ஊர்ப் பள்ளியில டீச்சர் பத்தாது, அதான் வேன்ல அனுப்புறோம்" என்கிறோம். டீச்சர் ஏன் பத்தவில்லை? இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

எண்ணிக்கைக் கணக்கு

தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வகுப்பு வரை 61 பிள்ளைகள் இருந்தால் 3 ஆசிரியர்கள். 60 என்றால் 2 பேர்தான். ஒரே ஒரு பிள்ளை டி.சி. வாங்கினாலும் ஒரு டீச்சர் 'உபரி' ஆகி வேறு ஊருக்குப் போக நேரலாம். மிச்சம் இருப்பவர் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்து நடத்துவார். படிப்பு குறையும். அதைப் பார்த்து இன்னும் நாலு வீட்டில் பிள்ளையை மாற்றுவாங்க.

ஆறாம் வகுப்பு முக்கியம்

ஐந்து முடித்ததும் பிள்ளையை மாற்றும் முன் யோசிங்க. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அதேபோல் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வில் தேர்வானால், 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இதற்குக் குடும்ப வருமான வரம்பு இருக்கிறது. இப்போதைய விதிகளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பையும் பார்க்கணும்

எண்ணிக்கைக்காக மட்டும் பிள்ளையைச் சேருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. படிப்பு வரணும். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் சோதிக்கலாம். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் படித்து, கதையைத் திருப்பிச் சொல்கிறதா? நம்ம சேமிப்புப் பணம் 840 ரூபாயை 7 பேருக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு 120 என்று வருதா?

வரவில்லை என்றால் பிள்ளையை அடிக்காதீங்க, பள்ளிக்குப் போய்க் கேளுங்க. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போடுவதோடு நம்ம வேலை முடியாது. ஆசிரியர் காலியிடம், கழிப்பறை, தண்ணீர் எதுவானாலும் அங்கே பேசி, தீர்மானமாக எழுத வைக்கணும். கிராம சபையிலும் கேட்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம்ம ஊர்ப் பள்ளியில் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள்? எத்தனை ஆசிரியர்கள்?
2. நம்ம குழுவில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள்? அதற்கு எவ்வளவு கடன்?
3. மேலாண்மைக் குழுவில் நம்ம உறுப்பினர் யார்? கடைசிக் கூட்டத்தில் என்ன பேசினார்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். ஆகஸ்ட் 1-க்கு முன்னால் பேசினால்தான் பலன் உண்டு.